வயிற்றால் போகும்போது எதைக் கொடுப்பது: பாக்கெட்டா, கஞ்சியா, இளநீரா, மாத்திரையா?

ஒருவருக்கு வயிற்றால் போக ஆரம்பித்தால், ஒரு மணி நேரத்துக்குள் வீட்டில் நாலு வைத்தியர்கள் முளைத்துவிடுவார்கள். பால் விடாத டீயில் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடு என்பார் பாட்டி. வெந்தயத்தை மோரோடு விழுங்கச் சொல்வார் பக்கத்து வீட்டு அக்கா. இளநீரைத் தவிர வேறெதுவும் வாயில் படக்கூடாது என்று ஊரிலிருந்து ஃபோன் வரும். இதற்குள் வீட்டுப் பையன் மெடிக்கலுக்குப் போய் ஒரு அட்டை மாத்திரையோடு திரும்பியிருப்பான். நாலு பேர் சொன்னதிலும் கொஞ்சம் கொஞ்சம் விஷயம் உண்டு. ஆனால் நாலும் ஒரே வேலையைச் செய்யும் என்று எண்ணிக்கொண்டு, ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை விட்டுவிடுகிறோம். கோளாறு அங்கேதான்.

வயிற்றுப்போக்கில் வைத்தியம் என்பது இரண்டு தனித்தனி வேலை. போவதை நிறுத்துவது ஒன்று, போனதை நிரப்புவது இன்னொன்று. கண்ணுக்குத் தெரிவது முதல் வேலை. அதனால் எந்த மருந்தையும் ‘நின்னுச்சா, நிக்கலையா’ என்று கேட்டுத்தான் எடை போடுகிறோம். ஆளைச் சாய்ப்பதோ இரண்டாவது வேலையைச் செய்யாமல் விடுவது. மலத்தோடு போவது வெறும் தண்ணீர் மட்டுமில்லை. சோடியம், பொட்டாசியம், பைகார்பனேட் என்று உடம்பின் உப்புகளும் கூடவே போகின்றன. கிருமியால் வரும் சாதாரணப் பேதி பெரும்பாலும் சில நாளில் தானாகவே அடங்கிவிடும். அதுவரை ஆளைத் தாங்கிப் பிடிப்பதுதான் வீட்டு வைத்தியத்தின் முதல் கடமை. அந்தக் கணக்கில்தான் கீழே ஒவ்வொன்றையும் எடை போட்டிருக்கிறேன்.

ஒரு நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணியாகப் போனால் அதை வயிற்றுப்போக்கு என்று கணக்கில் எடுக்கலாம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை அடிக்கடி இளகலாகப் போவது இதில் சேராது. வழக்கத்தைவிட மாறியிருக்கிறதா என்றுதான் அங்கே பார்க்க வேண்டும். ‘பல்லு முளைக்குது, அதான் போகுது’ என்று விட்டுவிடுவது பழைய பழக்கம். பல் முளைக்கிற வயதில் பிள்ளை தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் வைக்கிறது. கிருமி அந்த வழியாக வருகிறது. பல்லின் மேல் பழி போடுவது அநியாயம்.

நிரப்புகிறவை

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பார்த்தால் அலட்சியமாகத்தான் தோன்றும். கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சர்க்கரை, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் இலவசமாகக் கிடைக்கிற பொருள். இலவசமாகக் கிடைப்பதற்கு மதிப்பு குறைவு என்பது நம் மனதில் ஊறிப்போன எண்ணம்.

அதற்குள் இருக்கிற சூட்சுமம் இதுதான். பேதியில் குடல் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருக்கும்போதும், குடல் சுவரில் ஒரு வாசல் மட்டும் பெரும்பாலும் கெடாமல் வேலை செய்கிறது. அந்த வாசலில் உப்பு தனியாக நுழைய முடியாது. குளுக்கோஸும் கூட வந்தால்தான் உள்ளே விடும். இரண்டும் சேர்ந்து உள்ளே போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். வெறும் தண்ணீர் குடித்தால் உப்பு சேர்வதில்லை. வெறும் சர்க்கரைத் தண்ணீரோ, அளவு மீறினால், இருக்கிற நீரையும் குடலுக்குள் இழுத்துக்கொள்ளும். ஆகவே விகிதம்தான் மருந்து. உலக சுகாதார நிறுவனம் இப்போது சொல்லும் அளவில் ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம் தூள்.

இது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிட்ட சங்கதி இல்லை. 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகள் முகாம்களில் காலரா புகுந்தது. மேற்கு வங்கத்தின் பன்கான் மருத்துவமனையில் நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் சோடா உப்பையும் கலந்து பெரிய பீப்பாய்களில் ஊற்றி வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே மொண்டு கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது வரை போயிருந்த சாவு, நாலுக்கும் கீழே இறங்கியது. மருத்துவமும் தெரியாத, படிப்பும் இல்லாத அம்மாக்களும் அண்ணன்களும் டம்ளர் டம்ளராக ஊட்டியதில் நடந்தது அது. 2022-இல் காலமான அவருக்கு மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

சரி, பாக்கெட்டில் குறையே இல்லையா? உண்டு. கலக்குவதில் பெரும்பாலும் தப்பு நடக்கிறது. கடையில் ஒரு லிட்டர் பாக்கெட்டும் கிடைக்கிறது, 200 மில்லி சிறு பாக்கெட்டும் கிடைக்கிறது. பல வீடுகளில் லிட்டர் பாக்கெட்டைப் பிரித்து, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் தூளைப் போட்டு, மீதியை மடித்து ரப்பர் பேண்ட் சுற்றி ஃப்ரிட்ஜ் மேல் வைக்கிறார்கள். தூளில் எல்லா உப்பும் சமமாகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த ஒரு ஸ்பூனில் எது எவ்வளவு வந்தது என்று யாருக்கும் தெரியாது. பாக்கெட்டைப் பிரித்தால் முழுதாகக் கொட்டிக் கலக்க வேண்டும். லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று இருந்தால் அளவுப் பிரச்சினை தீர்ந்தது. காய்ச்சி ஆறிய தண்ணீர் நல்லது. கலந்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது. அதோடு பால், ஜூஸ், கூடுதல் சர்க்கரை எதையும் சேர்க்கவும் கூடாது.

கடையில் கேட்கும்போதும் ஒரு கண் வேண்டும். பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போட்டுக்கொண்டு, பழச்சுவையும் தாராளச் சர்க்கரையுமாக டெட்ரா பாக்கெட்டில் விற்ற பானங்கள் பல வருடம் மெடிக்கல் கடை அலமாரியிலேயே இருந்தன. ஹைதராபாத் குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டு விடாமல் போராடிய பிறகு, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அந்தப் பெயரை அத்தகைய பானங்களில் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. ‘டபிள்யூ.ஹெச்.ஓ. அளவு’ என்று அச்சிட்ட தூள் பாக்கெட்டா என்று ஒருமுறை திருப்பிப் பார்த்து வாங்குங்கள். பிள்ளை சுவைத்துக் குடிக்கிறதே என்று அந்தப் பானத்தை வாங்கியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பெயரைப் பார்த்து நம்பினார்கள், அவ்வளவுதான்.

சர்க்கரை நோயாளிகள் கேட்கிற கேள்வி ஒன்று: ‘எனக்கு சுகர் இருக்கே, இதைக் குடிக்கலாமா?’ தாராளமாக. 200 மில்லியில் குளுக்கோஸ் மூன்று கிராமுக்கும் குறைவு. நாம் ஒரு டம்ளர் காபியில் போடும் சர்க்கரை அதைவிட அதிகம். நீர் வற்றிப்போனால் அவர்களுக்கு வரும் ஆபத்துதான் பெரிது. இதயம், சிறுநீரகம் பலவீனமானவர்கள் மட்டும் எவ்வளவு குடிப்பது என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாக்கெட் கைக்குக் கிடைக்காத ராத்திரியில் வீட்டு உப்பு-சர்க்கரைக் கரைசல். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இரண்டும் தலை தட்டிய அளவு. குவித்து அள்ளக் கூடாது. 5 மில்லி மருந்து ஸ்பூன் இருந்தால் அதையே எடுங்கள், ஏனென்றால் நம் வீட்டு ஸ்பூன்கள் ஒவ்வொன்றும் ஒரு அளவு. கரைத்ததும் ஒரு வாய் குடித்துப் பார்க்க வேண்டும். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கீழே கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். உப்பு கூடிப்போனால் குழந்தைக்கு வலிப்பு வரை போகலாம். குறைந்தால் பலன் குறையும், அவ்வளவே. சந்தேகம் வந்தால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று இதிலேயே தெரிகிறது. பொட்டாசியமும் சிட்ரேட்டும் இதில் இல்லை என்பதால் இது பாக்கெட்டுக்கு ஒரு படி கீழேதான். காலையில் கடை திறந்ததும் பாக்கெட்டுக்கு மாறிவிடுவது உத்தமம்.

இதே கரைசலை வங்கதேசத்தில் பிராக் என்ற அமைப்பு 1980 முதல் பத்தாண்டுகள் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தது. மூன்று விரல் நுனியில் வரும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர், அதாவது ஏறக்குறைய அரை லிட்டர், தண்ணீர். ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகளுக்கு மேல் போனார்கள். சொல்லிக் கொடுக்கப் போன பெண்களுக்குச் சம்பளம் எப்படி என்றால், பிறகு ஒருவர் போய்ச் சோதிக்கும்போது அந்த வீட்டு அம்மாவுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ அதைப் பொறுத்து! பாடம் நடத்தியதற்குக் காசு கிடையாது, பாடம் பதிந்ததற்குத்தான் காசு. அளவு தப்பினால் மருந்தே தப்பிப்போகும் என்று தெரிந்த ஆட்கள் போட்ட ஏற்பாடு.

கஞ்சிக்கு வருகிறேன். என்னைக் கேட்டால், நம் சமையலறையிலிருந்து வருகிறவற்றில் முதல் இடம் இதற்குத்தான். அரிசியின் மாவுச்சத்து குடலில் மெல்ல மெல்ல உடைந்து குளுக்கோஸாகிறது. ஒரேயடியாகச் சர்க்கரை சேராததால் நீரை வெளியே இழுக்காது. குளுக்கோஸோ கிடைத்துக்கொண்டே இருக்கும். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணியையும், உப்புப் போட்ட மோரையும் உலக சுகாதார நிறுவனமே வீட்டில் கொடுக்கத் தகுந்த பானங்கள் என்று சொல்கிறது. உப்பு லிட்டருக்கு 3 கிராமைத் தாண்டக் கூடாது, அதாவது தலை தட்டிய அரை டீஸ்பூன். காலராவில் அரிசி மாவு சேர்த்த ஓ.ஆர்.எஸ்., மலம் போகும் அளவையே குறைக்கிறது என்றும் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

குக்கர் வந்தபிறகு வடிகஞ்சி என்ற பொருளே பல வீடுகளில் காணாமல் போய்விட்டது. பரவாயில்லை. நொய்யரிசி ஒரு கைப்பிடி எடுத்து, தாராளமாகத் தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, மத்தால் மசித்து, டம்ளரில் ஊற்றினால் ஓடுகிற பதத்தில் உப்புப் போட்டு வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு கண்டிப்பு: கஞ்சி சீக்கிரம் கெடும். காலையில் வைத்ததை ராத்திரிக்கு எடுத்து வைக்காதீர்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் கஞ்சியே கிடையாது, தாய்ப்பாலும் ஓ.ஆர்.எஸ்.ஸும் மட்டும்.

இங்கே வேலூரையும் சொல்லியாக வேண்டும். சி.எம்.சி. மருத்துவமனையின் பி.எஸ். ராமகிருஷ்ணா குழு, சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவுச்சத்தை ஓ.ஆர்.எஸ்.ஸில் கலந்து காலரா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 2000-இல் வெளியிட்டது. அந்த மாவு பெருங்குடல் வரை போகிறது. அங்கே இருக்கும் நல்ல கிருமிகள் அதை நொதிக்க வைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக்குகின்றன; அவை பெருங்குடலும் நீரையும் உப்பையும் உறிஞ்சும்படி செய்கின்றன. பேதி சீக்கிரம் நின்றது. சமைத்து ஆறிய சோற்றில் இந்தவகை மாவுச்சத்து கொஞ்சம் கூடும் என்பது உண்மை. உடனே ‘அப்போ பழைய சோறுதான் மருந்து’ என்று வாட்ஸப்பில் கிளப்பிவிட வேண்டாம். ராத்திரி முழுக்க வெளியில் இருந்த சோறும், காய்ச்சாத தண்ணீரும், ஏற்கெனவே புண்ணான குடலும் ஒன்றாகச் சேர வேண்டியதில்லை. நீராகாரம் நல்ல நாளுக்கு. வயிற்றால் போகும் நாளுக்குச் சுடச்சுட வடித்து ஆற்றிய கஞ்சி.

இளநீருக்கு நம் ஊரில் ரசிகர்கள் அதிகம். நானும் ரசிகன்தான், ஆனால் இந்த வேலைக்கு அது தனி ஆளாகப் போதாது. இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் குறைவு. பேதியில் உடனே வேண்டியது சோடியம். ஓ.ஆர்.எஸ். குடிக்கிற நடுவில் ஒரு இளநீர் என்றால் பிரமாதம். பாக்கெட்டில் இருக்கும் பொட்டாசியத்துக்கு மேல் கொஞ்சம் கிடைக்கும், வாய்க்கும் ருசி. ஓ.ஆர்.எஸ்.ஸுக்குப் பதிலாக நாள் முழுக்க இளநீரே என்றால் கணக்கு உதைக்கும். சிறுநீரக நோயாளிக்கு இளநீரின் அந்தப் பொட்டாசியமே ஆபத்து. வெட்டிய காயிலிருந்து நேராகக் குடிக்கும்வரை சுத்தம் பற்றிக் கவலையில்லை. வண்டிக்காரர் அழுக்கு ஜக்கில் ஊற்றி பாலிதீன் பையில் கட்டித் தரும்போதுதான் யோசிக்க வேண்டும்.

மோர் இளநீரைவிட ஒரு படி மேல். கடைந்து, தண்ணீர் விட்டு, உப்புப் போட்டால் நீரும் உப்பும் சேர்ந்தே வருகின்றன. பேதிக்குப் பிறகு சிலருக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் சில நாள் செரிக்காது. தயிராக உறையும்போது அதில் ஒரு பங்கை உறையே தின்றுவிடுவதால் பாலைவிடத் தயிரும் மோரும் தாங்கும். பெருங்காயம், கறிவேப்பிலை சேர்ப்பது அவரவர் இஷ்டம். பச்சை மிளகாய் மட்டும் வேண்டாம். கடையில் வாங்குகிற மோர் எந்தத் தண்ணீரில் கலந்தது என்பது கேள்விக்குறி.

குளுக்கோஸ் டப்பா, கோலா, பாட்டில் ஜூஸ் மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டி ஓரம் வைத்துவிடலாம். கோலாவில் லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேல் சர்க்கரை, சோடியம் பெயருக்கு. பேதி கூடத்தான் செய்யும். பெட்டிக்கடை சோடாவில் எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்டுக் குடிப்பது அந்த நேரத்துக்குக் குமட்டலை அடக்கும். பெரியவர் ஒருவர் ஒரு கிளாஸ் குடித்தால் குடித்துவிட்டுப் போகட்டும். சிகிச்சையென்று கணக்கில் எழுத வேண்டாம்.

இத்தனையும் எவ்வளவு கொடுப்பது? ஒவ்வொரு முறை போனபிறகும் இரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லி, இரண்டிலிருந்து பத்து வயதுக்குள் 100 முதல் 200 மில்லி, பெரியவர்கள் வேண்டிய மட்டும். ‘குடுத்தா வாந்தி எடுக்குது’ என்பதுதான் அம்மாக்கள் சொல்கிற முதல் தடை. டம்ளரை வாயில் வைத்துக் கவிழ்த்தால் வரத்தான் செய்யும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுவிட்டு, ஒரு டீஸ்பூன், கொஞ்சம் பொறுத்து இன்னொரு டீஸ்பூன். மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் இப்படியே உட்கார வேண்டும். பொறுமை வேண்டிய வேலைதான். டிரிப் ஏற்றுவதைத் தவிர்ப்பது இந்த ஸ்பூன்தான்.

நிறுத்துகிறவை

மெடிக்கல் கடையில் சற்று நேரம் நின்றால் போதும், இந்தப் பேச்சு காதில் விழும்.

“அண்ணே, லூஸ் மோஷனுக்கு ஒரு மாத்திரை குடுங்க.”

“யாருக்குங்கக்கா?”

“பாப்பாவுக்கு. ஒன்றரை வயசு. பாதியா உடைச்சுக் குடுத்துக்கறேன்.”

பெரியவர்களுக்குக் கேட்டால் கடைக்காரர் வழக்கமாக எடுப்பது லோபிராமைடு. அது குடலின் ஓட்டத்தை மெதுவாக்கும். கிருமியையும் கொல்லாது, போன நீரையும் நிரப்பாது. காய்ச்சலோ ரத்தமோ இல்லாத தண்ணிப் பேதியில், பஸ்ஸில் நாலு மணி நேரம் போயே ஆக வேண்டிய பெரியவருக்கு அது உதவும். அதை நான் மறுக்கவில்லை. ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் கூடாது, வெளியே போக வேண்டியது உள்ளேயே தங்கிவிடும். இரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. அதற்குமேல் உள்ள பிள்ளைகளுக்கும் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். பாதியாக உடைப்பதும் கால் பாகமாக உடைப்பதும் இதற்குத் தீர்வில்லை.

இன்னொரு வழக்கம், ஆஃப்ளாக்சசின்-ஆர்னிடசோல் என்ற கூட்டு ஆன்டிபயாடிக் மாத்திரை. சிறு பிள்ளைகளின் தண்ணிப் பேதியில் பெரும்பகுதி ரோட்டா போன்ற வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதைத் தொடவே தொடாது. சீதமும் ரத்தமும் கலந்து போனால், காலரா என்று சந்தேகம் இருந்தால் ஆன்டிபயாடிக்குக்கு வேலை உண்டு, எது என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். ஆன்டிபயாடிக்கே வயிற்றுப்போக்கைக் கொண்டுவருவதும் அடிக்கடி நடப்பதுதான்.

வீட்டு மருந்துகளில் நிறுத்துகிற வகை பெரும்பாலும் துவர்ப்பு. கடுந்தேயிலை, மாதுளந்தோல் கஷாயம், கொய்யாக் கொழுந்து எல்லாவற்றிலும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. பெரியவர்களுக்கு மலத்தைக் கொஞ்சம் இறுக்கலாம். ஒன்றிரண்டு வேளை குடிப்பதில் பெரிய கெடுதலில்லை. தேயிலையில் சர்க்கரையை அள்ளிப் போடாமல் இருந்தால் சரி. வெந்தயத்தின் வழவழப்பான நார் தண்ணீரை உறிஞ்சி ஊதும். அதனால் போவது கெட்டியாகத் தெரியும். ஒரு டீஸ்பூன் மோரோடு விழுங்கலாம். சிறு பிள்ளைக்கு முழு வெந்தயம் புரையேறும் சமாச்சாரம், வேண்டாம். இவற்றையெல்லாம் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். டீ குடித்துவிட்டோம் என்பதற்காகக் கஞ்சியையும் ஓ.ஆர்.எஸ்.ஸையும் தள்ளிப்போட்டால் அங்கேதான் வினை.

வாழைக்காய் ஒன்றுக்கு மட்டும் நான் தனி மரியாதை கொடுப்பேன். வேகவைத்து மசித்த வாழைக்காயைச் சோற்றோடு சேர்த்துக் கொடுத்ததில், நீண்ட நாள் பேதியில் கிடந்த குழந்தைகள் சீக்கிரம் தேறியதாக வங்கதேசத்தில் 2001-இல் ஆய்வு வந்திருக்கிறது. இதுவும் செரிக்காத மாவுச்சத்தின் வேலைதான், வேலூர்க்காரர்கள் பிடித்த அதே வழி. உணவாகவும் ஆயிற்று, மருந்தாகவும் ஆயிற்று.

வசம்பு, ஜாதிக்காய் விஷயத்தில் பாட்டிகளோடு நான் மல்லுக்கு நிற்பேன். வசம்பைச் சுட்டு, கல்லில் உரசி, தாய்ப்பாலில் குழைத்துக் கைக்குழந்தை நாக்கில் தடவுவது இன்றும் நடக்கிறது. வசம்பில் பீட்டா அசரோன் என்ற நச்சுப் பொருள் உண்டு. அமெரிக்காவில் 1968-லேயே அதை உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். ஜாதிக்காய் கூடினால் குழந்தை மயக்கத்தில் கிடக்கும். வீட்டில் ‘நல்லாத் தூங்குது’ என்பார்கள். எத்தனை உரசலுக்கு எவ்வளவு மருந்து இறங்கியது என்று யார் அளந்தார்கள்? அந்த உரைகல்லைக் கழுவிய தண்ணீர் எது? நீர் வற்றிய குழந்தையும் மயங்கித்தான் கிடக்கும். மருந்தின் மயக்கமா, வற்றலின் மயக்கமா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போவதுதான் இதில் பெரிய ஆபத்து.

துத்தநாகம், அதாவது ஜிங்க், இந்த இரண்டு பட்டியலிலும் அடங்காது. பேதி வந்த பிள்ளைக்கு ஓ.ஆர்.எஸ்.ஸோடு ஜிங்க் மாத்திரை கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004-இல் சொன்னார்கள். ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே மருத்துவர் சொன்னால் 10; நம் நாட்டில் 14 நாள். பேதியைச் சுருக்குவதோடு, அடுத்த சில மாதங்களில் திரும்ப வருவதையும் குறைக்கிறது. மூன்றாம் நாள் பேதி நின்றதும் மீதி மாத்திரை அலமாரியில் தங்கிவிடுவதுதான் பெரும்பாலான வீட்டில் நடப்பது. பதினாலு நாளும் கொடுத்தால்தான் அந்த இரண்டாவது பலன்.

பட்டினியா, சோறா?

‘லங்கனம் பரம ஔஷதம்’, பட்டினியே பெரிய மருந்து, என்று சொல்லிச் சாப்பாட்டை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. செரியாமையால் வயிறு கனத்துக் கிடக்கும் பெரியவர் ஒரு வேளை சோற்றைத் தள்ளிவைத்தால் ஒன்றும் கெட்டுவிடாது. பேதி பிடித்த குழந்தையைப் பட்டினி போடுவது வேறு சங்கதி. புண்ணான குடல் உறையைப் புதுப்பிக்கச் சத்து வேண்டும், அது சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. மற்றவர்களுக்கு இட்லி, குழைந்த தயிர்சாதம், காரமில்லாத பருப்புரசம் சாதம், வாழைப்பழம். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி. எண்ணெய்ப் பலகாரமும் பச்சைக் காய்களும் இரண்டு மூன்று நாள் காத்திருக்கட்டும். தேறிய பிறகு இரண்டு வாரம் தினம் ஒரு வேளை கூடுதலாக ஊட்டினால் போன எடை திரும்பும்.

வீடா, ஆஸ்பத்திரியா?

‘ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க சார், தெம்பு வந்துடும்’ என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்கள் நிறைய. வாயால் குடிக்க முடிகிற, லேசாகவோ நடுத்தரமாகவோ நீர் வற்றிய குழந்தைகளில் ஓ.ஆர்.எஸ்.ஸும் டிரிப்பும் ஏறக்குறைய சமம் என்றுதான் ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. ஓ.ஆர்.எஸ். கொடுத்த 25 குழந்தைகளில் ஒருவருக்குத்தான் அது போதாமல் டிரிப் தேவைப்பட்டது. அந்த ஒரு குழந்தை நம் பிள்ளையா என்று கண்டுபிடிப்பதுதான் வீட்டில் இருப்பவர் செய்ய வேண்டிய வேலை.

அதற்கு உடம்பே சொல்லும். குழந்தையின் வயிற்றில், தொப்புளுக்கும் விலாவுக்கும் நடுவே, தோலை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி விட்டுவிடுங்கள். சட்டென்று படிந்தால் நல்லது. மடிப்பு அப்படியே நின்று மெதுவாகப் படிந்தால் நீர் வற்றியிருக்கிறது. இரண்டு விநாடிக்கு மேல் நின்றால் வண்டியைக் கூப்பிட வேண்டியதுதான். கண் குழி விழுவது, அழுதால் கண்ணீர் வராதது, கைக்குழந்தைக்கு உச்சிக்குழி உள்வாங்குவது எல்லாம் அதே சேதி. ‘உச்சி விழுந்துடுச்சு’ என்று எண்ணெய் வைத்துத் தடவிக்கொண்டிருக்கிற நேரத்தில் ஓ.ஆர்.எஸ். உள்ளே போயிருக்க வேண்டும். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, மலத்தில் ரத்தம், அடங்காத காய்ச்சல், குடித்ததெல்லாம் வாந்தி, எழுப்பினால் எழாத மயக்கம், அரிசி களைந்த தண்ணீர் போல் கொட்டுவது: இதில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்தை அங்கேயே விட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடலாம். வழியிலும் ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே போக வேண்டும், முழுங்குகிற நினைவு இருந்தால். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் என்றால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் முதல் நாளே காட்டிவிடுவது நல்லது. பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, சுகருக்கான மெட்ஃபார்மின் எடுக்கிற பெரியவர்கள் அவற்றைத் தொடரலாமா என்று அன்றே கேட்க வேண்டும். உடம்பில் நீர் இல்லாதபோது அதே மாத்திரைகள் சிறுநீரகத்தைச் சிக்கலில் விடும். இரண்டு மூன்று நாளில் குறையவில்லை என்றாலும் காட்ட வேண்டும். பதினாலு நாள் தாண்டினால் அது வேறு வகை நோய், பரிசோதனை வேண்டும்.

போகும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று விஷயம் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை முறை போனது, கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது, இதுவரை என்னென்ன கொடுத்தீர்கள். மூன்றாவதில் வசம்பு, ஜாதிக்காய், மெடிக்கலில் வாங்கிய பாதி மாத்திரை எதையும் மறைக்காமல் எழுதுங்கள். டாக்டர் திட்டுவார் என்று அதைச் சொல்லாமல் விடுகிற அம்மாக்கள் அதிகம்; மயங்கிக் கிடக்கும் குழந்தைக்கு முதல் ஊசி எது என்று முடிவு செய்ய அவருக்கு அந்த ஒரு வரிதான் வேண்டும்.